ஐம்பது நாள் ஸ்பானிஷ்

ஏப்ரல் மூன்றாவது வாரம், பள்ளியின் கடைசி வேலை நாளன்று தாளாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, ஜூனிலிருந்து நான் ஸ்பானிஷ் எடுக்க வேண்டும் என்றார். அந்தப் பள்ளியில் நான் ஒன்பது வருடமாகச் சமூக அறிவியல் டீச்சர். ஸ்பெயின் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டச் சொன்னால் காட்டுவேன். அதற்கு மேல் அந்த நாட்டோடு எனக்கு எந்தப் போக்குவரத்தும் இல்லை. இதைப் பணிவாகவே அவரிடம் சொன்னேன்.

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாகலூர் சாலையில் எங்களுக்குக் கொஞ்சம் முன்னால் புதிதாக ஒரு பள்ளி முளைத்திருந்தது. அங்கே ஃபிரெஞ்சு சொல்லித்தருகிறார்களாம். காரணம் அது ஒன்றுதான், வேறு கல்விக் கொள்கை எதுவும் கிடையாது. தாளாளருக்குப் பசுமைக்குடிலில் ரோஜா வளர்க்கும் தொழிலும் உண்டு. பூவோ மொழியோ, வெளிநாட்டு ரகம் என்றால் கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள் என்பது அவருடைய அனுபவம்.

"உங்களுக்குத்தான் தமிழ், கன்னடம், தெலுங்கு, இங்கிலீஷ் நாலும் வருதேம்மா. அஞ்சாவது என்ன பெரிய விசயம்?" என்றார்.

பிறகு மேசைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே மீதியைச் சொன்னார். ஏழிலும் எட்டிலும் இரண்டு பிரிவுகளை ஒன்றாக்குகிறார்கள். சமூக அறிவியலுக்கு இனி ஒரு டீச்சர் போதும், அந்த இடம் என்னைவிட மூத்தவருக்கு. ஸ்பானிஷ் எடுப்பதானால் நான் இருக்கலாம். இல்லையென்றால் ஜூனில் விடுவிப்புக் கடிதம். ஜூன் இரண்டாவது வாரம் பெற்றோர் கூட்டம். அதில் மேடையேறி ஸ்பானிஷ் பேசிக் காட்ட வேண்டும்.

எண்ணிப் பார்த்தேன். கையில் ஐம்பது நாள் இருந்தது.

வேறு பள்ளிக்குப் போகலாம்தான். ஆனால் போன இடத்தில் முதல் வருடம் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு மூக்குத் துடைப்பதிலிருந்து தொடங்க வேண்டும். பாரூர் ஏரிப் பாசனத்தில் நெல் நடும் வீட்டில் பிறந்து, கல்யாணமாகி ஓசூர் வந்து, இந்த ஊரில் எனக்கென்று நானே சம்பாதித்தது ‘டீச்சர்’ என்கிற அந்த ஒரு பேர்தான். மளிகைக் கடைக்காரர் முதல் மின்கட்டணம் எடுக்க வருபவர் வரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அதை விட எனக்கு மனமில்லை. பயமாகவும் இருந்தது. சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலமே செல்போனில் ஒரு மொழிச் செயலியை இறக்கினேன். என் மகளும் இறக்கிக்கொண்டாள். அவள் அதே பள்ளியில் ஆறு முடித்து ஏழுக்குப் போகிறவள். அதாவது நான் ஸ்பானிஷ் எடுக்கப்போகும் முதல் வகுப்பில் இரண்டாவது பெஞ்சில் உட்காரப்போகிறவள்.

அந்தச் செயலி ஒரு விசித்திரமான ஜென்மம். வணக்கம், சாப்பிட்டாயா, எங்கே போகிறாய் என்று சொல்லித்தரும் என்று பார்த்தால், ஆப்பிள் சிவப்பு என்றது. பையன் பால் குடிக்கிறான் என்றது. ஒரு வாரம் கழித்து, என் மாமாவின் ஆமை செய்தித்தாள் படிக்கிறது என்றது. எனக்கு மாமா இருக்கிறார், அவர் ஆமை வளர்க்கவில்லை, வளர்த்தாலும் எங்கள் குடும்பத்தில் மாமாவே செய்தித்தாள் படிப்பதில்லை. ஆனாலும் தக்காளி நறுக்கும்போதும் துணி காயப்போடும்போதும் அந்த ஆமையை விடாமல் படிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

மகள் பத்து நாளில் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். போனது போதாதென்று, நான் வாயைத் திறந்த இடத்திலெல்லாம் திருத்தினாள். அம்மா, ஆமை பெண்பால். அம்மா, அங்கே ‘ஹ’ ஒலிக்காது. அம்மா, நீ திட்டுகிற மாதிரி சொல்கிறாய். ஒருநாள் பொறுக்க முடியாமல், பெற்ற தாயைத் திருத்தக் கூடாது என்று ஸ்பானிஷில் சொல்லிப் பார்த்தேன். அதிலும் இரண்டு தப்பு கண்டுபிடித்தாள்.

வெளியே போய்ப் பேசிப் பழகலாம் என்றால் ஓசூரில் அது நடக்காது. இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிரில் நிற்பவர் திணறுவதைப் பார்த்துக்கொண்டு இவர்களால் சும்மா இருக்க முடியாது. தமிழில் திணறினால் கன்னடத்துக்கு வருவார்கள், அதிலும் திணறினால் தெலுங்குக்கு வருவார்கள், கடைசியாகக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயே காட்டிவிடுவார்கள். நான் கன்னடம் கற்றதும் அப்படித்தான். தப்புத் தப்பாகப் பேசினேன், யாரும் நிறுத்தவில்லை, ஒருநாள் பார்த்தால் வந்திருந்தது.

ஒரு காலையில் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே வாய்க்குள் ஸ்பானிஷில் ஒன்று, இரண்டு சொல்லிக்கொண்டிருந்தேன். கடைக்கார அம்மாள் காதைத் தீட்டினார். முதலில் தெலுங்கில் என்ன வேண்டும் என்று கேட்டார். நான் விடாமல் எண்ணினேன். கன்னடத்தில் கேட்டார். பிறகு இந்தியில். அப்புறம் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு, இந்தப் பெண் எந்த ஊரோ பாவம், உனக்கு மலையாளம் தெரியுமே, கேட்டுப் பார் என்றார். அவரும் எழுந்து வந்துவிட்டார். ஏழு வருடமாக அந்த அம்மாளிடம்தான் காய் வாங்குகிறேன், வெயிலுக்கு முகத்தைச் சுற்றியிருந்த துப்பட்டாவில் அடையாளம் தெரியவில்லை போலிருக்கிறது. நான்தான், டீச்சர்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

இதற்கு நடுவில் வீடு வீடாகப் போய் அட்மிஷன் பிடிக்கும் வேலை வேறு. தனியார் பள்ளி டீச்சர்களுக்குக் கோடை விடுமுறை என்பது அதுதான். கையில் ஒரு கட்டு நோட்டீஸ், தலையில் துப்பட்டா, மே மாத வெயில். நோட்டீஸில் கொட்டை எழுத்தில், ‘தேர்ந்த ஆசிரியரைக் கொண்டு ஸ்பானிஷ் மொழி’ என்று அச்சிட்டிருந்தார்கள். அந்தத் தேர்ந்த ஆசிரியர்தான் அதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பாகலூர்ப் பக்கம் ஒரு புது மனைப் பிரிவில், இரவு ஷிப்ட் முடித்துக் கண் சிவக்க நின்ற ஒரு அப்பா, ஸ்பானிஷில் ஏதாவது சொல்லுங்கள் மேடம், கேட்கிறேன் என்றார். எனக்கு அப்போது பிசகாமல் வந்த வாக்கியம் ஒன்றே ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு, "லா மன்ஸானா எஸ் ரோஹா" என்றேன். ஆப்பிள் சிவப்பு.  அவர் உடனே மனைவியைக் கூப்பிட்டு, அவருக்காக இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். மகனைச் சேர்த்தார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் என் மேலேயே எனக்கு எரிச்சலாக இருந்தது.

மே நடுவில் ஒருநாள் சாப்பிடும்போது, இந்த ஊரில் ஸ்பானிஷ் பேசுகிற ஒரு ஜீவன்கூட இல்லையே என்று புலம்பினேன். என் கணவர் மோர் ஊற்றிக்கொண்டே, எங்கள் கம்பெனியில் ஒருத்தர் இருக்கிறாரே என்றார்.

என் கணவர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். புதிதாக வந்த பெரிய பிரஸ் மெஷினை நிறுவி ஓட்டிக் கொடுப்பதற்காக ஸ்பெயினிலிருந்து ஒரு மெக்கானிக் மார்ச் மாதமே வந்துவிட்டாராம். ஐம்பது வயதுக்கு மேல். தினமும் இவரோடுதான் வேலை. ஒரு மாதமாக நான் இந்த வீட்டில் ஆமையை வைத்துக்கொண்டு மல்லாடுவதை இவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். என் குரல் பக்கத்து வீடு வரை போயிருக்கும்.

"அவரு நம்மகிட்ட தமிழ்லல்லா பேசுதாரு. ஸ்பெயினுங்கதே மறந்துபோச்சு" என்றார்.

பொய் சொல்லத் தெரியாத மனிதர். அதனால் மேற்கொண்டு சண்டை போடவும் முடியவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டிவரச் சொன்னேன்.

வந்தார். நல்ல உயரம், நரைத்த மீசை, கையில் ஒரு தர்பூசணி. கதவைத் திறந்ததும் நான் மனப்பாடம் செய்திருந்த வரவேற்பைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் கைகூப்பி, "அக்கா, ரண்டி ரண்டி. ஊட்டா ஆய்தா? எல்லாரும் சென்னாகி இருக்கீகளா?" என்றார்.

தெலுங்கில் வாங்க, கன்னடத்தில் சாப்பாடு ஆச்சா, அதற்கப்புறம் நடுவில் கன்னடம் வைத்துத் திருநெல்வேலியில் முடிகிற ஒரு நலம் விசாரிப்பு. மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, தமிழ் சரியா என்பதுபோல என் முகத்தைப் பார்த்தார். என் கணவர் பின்னால் நின்று பெருமையில் பூரித்துக்கொண்டிருந்தார்.

கணவரைச் சமையலறைக்குள் இழுத்துப்போய் விசாரித்தேன். அந்த மனிதருக்கு ஆங்கிலம் அதிகம் வராது. வந்த முதல் வாரமே தமிழ் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். தேன்கனிக்கோட்டைக்காரர் ஒருத்தர் கன்னடத்தில் கொஞ்சம் சொல்லிக்கொடுத்தார். பாகலூர்க்காரர் தெலுங்கில் கொஞ்சம். இவர் தன் பங்குக்குத் திருநெல்வேலியை ஊற்றினார். யாரும் கேலி செய்ய வேண்டும் என்று செய்யவில்லை. அவரவர் வாயில் எது முதலில் வந்ததோ அதைக் கொடுத்திருக்கிறார்கள். ஓசூரில் தினமும் நடப்பதுதான். பட்டறையில் எல்லோருக்கும் எல்லாம் புரிவதால் வேலையும் நடந்தது. மூன்றும் வேறு வேறு மொழி என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. சொல்லிவிடலாமே என்றேன். அவ்வளவு சந்தோசமாகப் பேசுகிறவரிடம் எப்படிச் சொல்வது என்று என் கணவர் கையைப் பிசைந்தார். எனக்கும் வழி தெரியவில்லை.

அதன் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவர் வந்தார். நான் ஸ்பானிஷ் பழக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். அவர் தமிழ் பழக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். நான் ஸ்பானிஷில் கேட்பேன், அவர் ஓசூரில் பதில் சொல்வார். இதில் எனக்கு ஒரு வியாதி வேறு இருப்பது தெரிந்தது. ஸ்பானிஷ் வார்த்தை அகப்படாத இடத்தில் தமிழோ ஆங்கிலமோ வராமல் கன்னடம் வந்து விழுந்தது. என் மண்டைக்குள் அயல்மொழிகளுக்கென்று ஒரே ஒரு பெட்டிதான் வைத்திருக்கிறேன் போலிருக்கிறது. அவரோ அந்தக் கன்னடத்தை லட்டு மாதிரி எடுத்துக்கொண்டு மேலே பேசுவார். ஒரு மாத முடிவில் அவருடைய ஓசூர்ப் பேச்சு நன்றாக முன்னேறியிருந்தது. மகள் ஒரு ஓரத்தில் அவரோடு சரளமாக ஸ்பானிஷில் அரட்டை அடித்துக்கொண்டிருந்தாள்.

மேடை விவகாரத்தை என் கணவர் அவருக்கு விளக்கியிருந்தார். தெரிந்த அன்று அவர் நெஞ்சில் கை வைத்து, தான் இருக்கிறேன், கவலைப்பட வேண்டாம் என்கிற மாதிரி ஏதோ மூன்று மொழியில் சொன்னார். எனக்கு அழுகை முட்டியது.

அங்கேதான் நான் ஒரு கிறுக்குத்தனம் செய்தேன். ஜூன் தொடக்கத்தில் தாளாளர் எப்படிப் போகிறது பாடம் என்று கேட்டபோது, ஸ்பெயின்காரர் ஒருவரிடமே பழகுகிறேன் சார் என்று அளந்தேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். அவரையே சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டுவிடுவோம் என்றார். பக்கத்துப் பள்ளிக்காரன் ஃபிரான்சிலிருந்து யாரைக் கொண்டுவருவான், பார்ப்போம் என்றார். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கூட்டத்தன்று தகரக் கொட்டகை நிரம்பிவிட்டது. முதல் ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்தவர்கள், பாகலூர்த் தோட்டக்காரர்கள், மடியில் கைக்குழந்தையோடு அம்மாக்கள் என்று இருநூறு பேர் இருப்பார்கள். விருந்தினருக்குப் பொன்னாடையும், தாளாளரின் சொந்தக் குடிலிலிருந்து வந்த ரோஜா மாலையும் போட்டார்கள். மாலைக்கு நடுவில் அவருடைய மீசை மட்டும் தெரிந்தது.

என்னைக் கூப்பிட்டார்கள். பேர், தொழில், ஊர், எனக்கு ஒரு மகள், அவளுக்குப் பன்னிரண்டு வயது. மகள் பதினைந்து முறை திருத்திக் கொடுத்த வாக்கியங்கள். பிசகாமல் சொல்லி முடித்தேன். கைதட்டினார்கள். இறங்கியிருக்க வேண்டும்.

தாளாளருக்கு ஆசை அடங்கவில்லை. விருந்தினரைப் பார்த்து, எங்கள் டீச்சரை ஏதாவது கேளுங்கள், எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்றார். மைக்கைப் பார்த்த உற்சாகத்தில் அந்த மனிதரும் தான் இருக்கிறேன் என்று எனக்குக் கொடுத்த வாக்கை மறந்துவிட்டு நீளமாக ஒரு கேள்வி கேட்டார். அதில் ‘மகள்’ என்ற ஒன்று மட்டும் என் காதில் நின்றது. பள்ளியைப் பற்றித்தான் கேட்டிருப்பார் என்று துணிந்து, "மி இஹா..." என்று தொடங்கினேன். என் மகள். அதோடு ஸ்பானிஷ் தீர்ந்தது. வாய் சும்மா இருக்கவில்லை. "மி இஹா இல்லே ஓதுத்தாளெ" என்று முடித்துவிட்டேன். என் மகள் இங்கேதான் படிக்கிறாள், பச்சைக் கன்னடத்தில்.

கொட்டகையில் பாதிப் பேர் வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். முதல் வரிசையில் ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம், இந்த ஸ்பானிஷ் எனக்கே புரிகிறதே என்றார். சிரிப்பு பின் வரிசை வரைக்கும் போனது. தாளாளரின் முகம் சுருங்கியது. அவரும் ஓசூர்க்காரர்தானே. மைக்கை வாங்கி, எங்கள் டீச்சரின் ஸ்பானிஷ் எப்படி, உண்மையைச் சொல்லுங்கள் என்று விருந்தினரிடம் ஆங்கிலத்தில் கேட்டார். என் வேலை அந்த மைக்கின் நுனியில் வந்து நின்றது.

அவர் எழுந்தார். எனக்காகத் தயார் செய்து வைத்திருந்ததை, எல்லோருக்கும் புரியட்டும் என்று தன் தமிழிலேயே சொன்னார்.

"டீச்சர் பாகா மாட்லாடுதாங்க. ஸ்வல்ப தப்பு. சென்னாகிதெ."

டீச்சர் நன்றாகப் பேசுகிறார், கொஞ்சம் தப்பு, நன்றாக இருக்கிறது. தெலுங்குப் பேச்சுக்குத் திருநெல்வேலி வால், நடுவிலும் முடிவிலும் கன்னடம். கொட்டகை அதிர்ந்துபோனது. பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். அவரும் முதலில் கூடவே சிரித்தார். பிறகு, எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் நிறுத்தினார். பின்னால் நின்ற என் கணவரைத் தேடினார். என் கணவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாலைக்கு மேலே அந்த முகம் மெல்ல மெல்லச் சிவந்ததைப் பார்த்தேன்.  வேலை, விடுவிப்புக் கடிதம் எல்லாம் அந்த நேரத்தில் நினைவில் இல்லை.

விருந்தினர் கையிலிருந்த மைக்கை நானே வாங்கினேன். யாரும் திருத்திக் கொடுக்காத வாக்கியத்தை முதல் தடவையாக நானே கட்டினேன். "உஸ்தெத் ஆப்லா த்ரேஸ் லெங்குவாஸ்." நீங்கள் பேசுவது மூன்று மொழி. "அகீ தோதோஸ் ஆப்லாமோஸ் அஸீ." இங்கே எல்லோரும் இப்படித்தான் பேசுகிறோம்.

 அவர் மூன்று விரலை நீட்டி என்னைப் பார்த்தார். மூன்றா என்று கேட்கிறார். தலையாட்டினேன். மூன்று மாதமாகப் பேசியதையெல்லாம் அவர் மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது தெரிந்தது. பிறகு தாழ்ந்த குரலில், நிறுத்தி நிறுத்தி, ஏன் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை என்று ஸ்பானிஷில் கேட்டார். ஒரு வார்த்தை விடாமல் எனக்குப் புரிந்தது. பதில் சொல்லத்தான் ஸ்பானிஷும் இல்லை, கன்னடமும் வரவில்லை.

"சொல்லியிருந்தா நீங்க பேசறதையே வுட்டுருப்பீங்க சார்" என்றேன், எங்கள் ஊர்த் தமிழில்.

அவருக்குப் புரிந்துவிட்டது.  மீசைக்குக் கீழே சிரிப்பு மறுபடி வந்தது. தாளாளரின் தோளில் கையைப் போட்டு, என் கையிலிருந்த மைக்குக்குக் குனிந்தார்.

"சார், அப்படின்னா டீச்சர்க்கும் ஹேளபேடி."

அவங்க ஸ்பானிஷ் லட்சணத்தை டீச்சருக்கும் சொல்லாதீங்க. இந்தத் தடவை தாளாளர்தான் முதலில் சிரித்தார், வயிறு குலுங்க, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு. கண்ணைத் துடைத்துக்கொண்டே மைக்கை வாங்கி, ஸ்பானிஷ் வகுப்பு திங்கட்கிழமை தொடங்கும், நம்ம டீச்சர்தான் எடுப்பாங்க என்று அறிவித்தார். என்னுடைய ஸ்பானிஷ் மோசம் என்று இருநூறு பேருக்கு முன்னால் சொல்லி ஒரு மனிதர் என் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தார். நான் மேடையிலேயே தேம்பித் தேம்பி அழுதேன். இரண்டாவது வரிசையில் என் மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.